கடல்நீர்த் தொட்டியில் வளை தோண்டும் மீன்கள்

வரப்பில் நண்டு வளையைக் கண்டால், நீர் எங்கே கசிகிறது என்றுதான் உழவர் முதலில் பார்ப்பார். வளையை அடைக்காமல் விட்டால் அடுத்த மழையில் வரப்பே சரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். மண்ணைத் தோண்டி வாழும் உயிர் எதுவானாலும், தான் வாழும் மண்ணின் அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்கும். இந்த உண்மையை மறந்து விடுவதால்தான், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விலை கொடுத்து வாங்கி விடப்படும் வளைமீன்கள் பல, வந்த சில நாட்களிலேயே இறந்து போகின்றன.

கடல்நீர் நிரப்பிப் பவளப்பாறைச் சூழலைப் போல் அமைத்த தொட்டிகளை வீட்டில் வைக்கும் ஆர்வம் வளர்ந்து வருகிறது. நன்னீர் மீன் தொட்டியை விட இதற்குச் செலவும் கவனிப்பும் அதிகம். மண், உப்பு, தழைச்சத்து ஆகியவற்றின் போக்கை வயலில் அன்றாடம் கண்டுவரும் உங்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். வைக்க விரும்புவோர் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும், கிணறும் வயலும் உள்ள வீட்டில் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

வளை தோண்டும் மீன்கள் எவை?

1. தாடைமீன்: அமெரிக்காவின் புளோரிடா, பகாமாத் தீவுகள், கரீபியன் கடல் ஆகிய பகுதிகளில் வாழும் மஞ்சள் தலைத் தாடைமீன் சுமார் 10 செ.மீ. நீளம் வளரும். வாயால் மணலை அள்ளி வெளியே துப்பிச் செங்குத்தான வளையைத் தோண்டும். கிணற்றுக்குச் சுற்றிலும் கல் கட்டுவது போல, சிறு கற்களையும் கிளிஞ்சல் துண்டுகளையும் பொறுக்கி வந்து வளையின் சுவரில் பதிக்கும். பகலில் வளைக்கு மேலே வால் கீழாக நின்று, நீரில் மிதந்துவரும் நுண்ணுயிரிகளை உண்ணும். இரவில் வளையின் வாயை ஒரு கல்லால் மூடிக்கொள்ளும். முட்டைகளை ஆண் மீன் தன் வாயில் வைத்துக் காப்பது இதன் சிறப்பு.

2. காவல் உளுவை: இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் வாழும் சில உளுவை மீன்கள், சொடுக்கு இறாலுடன் ஒரே வளையில் குடியிருக்கின்றன. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. தோண்டும் வேலை முழுவதும் அதனுடையது. உளுவை, பரண்மீது இருக்கும் காவற்காரன் போல வளை வாயிலில் காத்து நிற்கும். இறால் வெளியே வரும்போது தன் உணர்கொம்பால் மீனைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை அசைத்து எச்சரிக்கும். இரண்டும் உள்ளே மறைந்துவிடும்.

3. மணலில் உறங்கும் மீன்கள்: ஹாலிக்கோரஸ் இன மீன்கள் வளை அமைப்பதில்லை. இரவில் உறங்குவதற்கும், அச்சம் ஏற்பட்டால் ஒளிவதற்கும் மணலுக்குள் பாய்ந்து புதைந்துகொள்ளும். புதிதாகத் தொட்டிக்கு வந்த மீன் சில நாட்கள் வெளியே வராமலும் இருக்கலாம். இறந்துவிட்டது என்று எண்ணி மணலைக் கிளறித் தேடக் கூடாது.

4. மணல் சலிக்கும் உளுவை: இது வாய் நிறைய மணலை எடுத்துச் செவுள் வழியே வெளியேற்றி, அதிலுள்ள சிற்றுயிர்களை மட்டும் உண்ணும். புதிதாக அமைத்த சுத்தமான மணலில் இதற்கு இரை கிடையாது. நாளுக்கு நாள் மெலிந்து இறந்துவிடும். தொடக்கத்தில் இதை வாங்காதிருப்பதே நலம்.

5. தோட்ட விலாங்கு: கூட்டமாக மணலில் குத்தி நின்று, நாற்றுப் போல நீரோட்டத்தில் அசையும். ஆழமான மணலும் பெரிய தொட்டியும் தேவை. பொதுக் காட்சியகங்களுக்கே ஏற்றது, வீட்டிற்கு ஏற்றதல்ல.

தொட்டியும் நீரும்

சிறிய தொட்டியில் வெப்பமும் உப்பும் விரைவில் ஏறி இறங்கும். எனவே 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரத்துக்குக் குறையாத தொட்டி தேவை. இதில் 10 செ.மீ. மணல் பரப்பி, பாறையும் வைத்து, மேலே 5 செ.மீ. இடம் விட்டால் ஏறத்தாழ 150 லிட்டர் நீர் கொள்ளும். கண்ணாடி, மணல், பாறை, நீர் அனைத்தும் சேர்ந்து கால் டன்னுக்கு மேல் எடை இருக்கும். உறுதியான, சமமான மேடை அவசியம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1300 மி.கிராம் மக்னீசியமும், 400 மி.கிராம் கால்சியமும், வேறு பல தாதுக்களும் உள்ளன. உப்பளத்தில் உப்பு விளையும்போது மக்னீசியத்தில் பெரும்பகுதி கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையையே பயன்படுத்த வேண்டும். ஒப்படர்த்தி 1.024 முதல் 1.026 வரையிலும், கார அமில நிலை 8.1 முதல் 8.4 வரையிலும், வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருத்தல் நல்லது.

உப்பைக் கரைக்கக் கிணற்று நீரை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. உரமிடும் வயல்களுக்கு இடையேயுள்ள கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருக்கக்கூடும். எதிர் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்த நீரே ஏற்றது.

வெயிற்காலத்தில் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை நீர் ஆவியாகிவிடலாம். நீர்தான் ஆவியாகிறது; உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. உவர் நிலம் உருவாகும் முறையும் இதுவே. ஆகவே குறைந்த அளவை நன்னீரால் மட்டும் ஈடுசெய்ய வேண்டும். தினமும் 1.5 லிட்டர் வீதம் கடல்நீரையே ஊற்றி வந்தால், 30 நாட்களில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு கூடிவிடும். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது 45 கிராமாகிவிடும். மீன் இதனைத் தாங்காது.

மணற்படுகை அமைத்தல்

வளைமீனுக்கு மணல்தான் வீடு. ஆற்று மணல் கூர்முனை கொண்டது. மணலில் பாயும் மீன்களின் உடலைக் கீறிவிடும். சுண்ணாம்புத் தன்மையுள்ள, உருண்டையான அரகோனைட் மணலே தேவை. கடற்கரையிலிருந்து அள்ளி வரும் மணலைப் பயன்படுத்த வேண்டாம்.

மணலின் பருமனும் ஆழமும் மீனுக்கேற்ப மாறுபடும்.

* மணலில் உறங்கும் மீன்கள்: 0.5 முதல் 1 மி.மீ. பருமனுள்ள நுண்மணல், ஆழம் 5 முதல் 8 செ.மீ.

* இறாலுடன் வாழும் உளுவை: நுண்மணலுடன் சிறிது பருமணலும் கிளிஞ்சல் துண்டுகளும், ஆழம் 7 முதல் 10 செ.மீ.

* தாடைமீன்: நுண்மணல் 6 பங்கு, 2 முதல் 5 மி.மீ. பருமணல் 3 பங்கு, 1 முதல் 2 செ.மீ. துண்டுகள் 1 பங்கு என்ற உத்தேச அளவில் கலவை. ஆழம் 10 முதல் 15 செ.மீ.

நுண்மணல் மட்டும் இருந்தால் தாடைமீனின் வளை நிற்காது. எத்தனை முறை தோண்டினாலும் சரிந்து மூடிக்கொள்ளும். மீன் ஓய்வின்றித் தோண்டி, இரை எடுக்காமல் தளர்ந்துவிடும். களிமண் கலப்பில்லாத வெறும் மணலில் கிணறு வெட்டினால் உறை இறக்காமல் நிற்காது அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

ஆழமான மணலில் நெல் வயலின் சேற்றில் நடப்பதே நடக்கிறது. மேலே ஆக்ஸிஜன் உள்ள மெல்லிய படலமும், அதன் கீழே ஆக்ஸிஜன் அற்ற பகுதியும் உண்டாகின்றன. அடிப்பகுதியிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. நெல் வயலில் இது நமக்கு உர நட்டம். தொட்டியிலோ கழிவு நீங்கும் நன்மை. ஆனால் தீவன எச்சம் மிகுந்து அழுகினால் அதே இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். மணல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அது எச்சரிக்கை. வடிகாலற்ற வயலில் நெல்லின் வேர் கறுப்பதும் இதே நஞ்சினால்தான்.

இந்நிலையில் மணல் முழுவதையும் ஒரே நாளில் கிளறக் கூடாது. அடியிலுள்ள நஞ்சு நீரில் கலந்து மீன்கள் இறக்கும். நீரை மாற்றும்போது, மீன் வளை இல்லாத பகுதியில் சிறிதளவு இடத்தை மட்டும் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டும். வளைமீன்களும் இறாலும் மணலைப் புரட்டிக்கொண்டே இருப்பதால், மண்புழு வயலுக்குச் செய்யும் உதவியை ஓரளவு தொட்டிக்குச் செய்கின்றன.

பாறை அமைக்கும் முறை

மணலைப் பரப்பிவிட்டு அதன்மேல் பாறையை அடுக்குவது பெருந்தவறு. இறால் பாறைக்கு அடியில் தோண்டும்போது பாறை இறங்கும். மீனும் இறாலும் நசுங்கி இறக்கும். சில சமயம் கண்ணாடியும் உடையும். எனவே கீழ்க்கண்ட வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலில் பாறைகளைத் தொட்டியின் அடிக் கண்ணாடியின் மேல், அசையாதவாறு, நேராக அமர்த்த வேண்டும். கண்ணாடி கீறாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைக்கலாம். மூன்று, நான்கு சிறு பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கால்களாக நிறுத்தி அவற்றின் மேலும் பாறையை வைக்கலாம். பாறையைக் கையால் அசைத்துப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று உறுதி செய்த பிறகே சுற்றிலும் மணலை இட வேண்டும்.

20 அல்லது 25 மி.மீ. பி.வி.சி. குழாயை 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு வாய் மணலுக்கு மேலே தெரியுமாறு சாய்வாகப் புதைத்து வைத்தால், புதிய மீன் உடனே அதில் ஒதுங்கும். வெட்டிய முனையைத் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். உரமோ மருந்தோ பாய்ச்சிய பழைய குழாயை ஒருபோதும் போடக் கூடாது.

தொட்டி பக்குவமாதல்

நீர் நிரப்பியவுடன் மீன் விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் பாறையிலும் பெருக வேண்டும். இதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொழு உரம் மக்காமல் இட்டால் பயிர் கருகுவது போன்றதே பக்குவமாகாத தொட்டியில் மீன் விடுவதும்.

காரத்தன்மை மிகுந்த நிலத்தில் யூரியாவை மேலாகத் தூவினால் அம்மோனியா அதிகமாக ஆவியாவதை அறிவீர்கள். கடல்நீரும் காரத்தன்மை உடையது. எனவே இங்கு அம்மோனியா, மீனுக்கு நஞ்சான வாயு வடிவில் கூடுதலாக இருக்கும். சோதனைப் பொருள்களைக் கொண்டு அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் அறவே இல்லை என்று கண்ட பிறகே முதல் மீனை விட வேண்டும்.

மீன் விடுதலும் தீவனமும்

புதிய மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்து நோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வெறும் கண்ணாடித் தரையில் வளைமீன் அஞ்சி நடுங்கும். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டி அல்லது குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். தாமிர மருந்து கொடுக்க நேர்ந்தால் மணலை நீக்கிவிட்டுக் குழாய்த் துண்டை மட்டும் வைக்கவும். சுண்ணாம்பு மணல் தாமிரத்தை ஈர்த்துக்கொள்வதால் மருந்தின் அளவு குறைந்துவிடும். முதன்மைத் தொட்டியில் தாமிரம் இடவே கூடாது, இறால் இறந்துவிடும்.

இவ்வளவு பெரிய தொட்டிக்கு, ஓர் உளுவையும் அதன் இறாலும், ஒரு சோடித் தாடைமீனும் போதும். இவற்றைத் துரத்தும் முரட்டு மீன்களைச் சேர்க்க வேண்டாம். துரத்தப்படும் வளைமீன் வெளியே வந்து இரை எடுக்காது.

ஆர்ட்டீமியா, மைசிஸ் போன்ற உறைநிலைத் தீவனங்களை உருக்கியோ, இறால் சதையைப் பொடியாக நறுக்கியோ, நாளைக்கு இரண்டு மூன்று தடவை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வளையை விட்டு நெடுந்தூரம் செல்லாத மீன்களாதலால், சிறு குழாயினால் வளையின் வாய்க்கருகே தீவனத்தை மெல்ல விடவும். ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவே போதும்.

மூடி, வெப்பம், மின்தடை

வளைமீன்கள் அஞ்சினால் மேலே துள்ளும். தொட்டிக்கு வெளியே விழுந்து காய்ந்து இறப்பதே இவற்றின் சாவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. 5 அல்லது 6 மி.மீ. கண்ணுள்ள நைலான் வலையைச் சட்டத்தில் கட்டித் தொட்டி முழுவதையும் இடைவெளியின்றி மூட வேண்டும். கண்ணாடி மூடியை விட வலை மூடி நமது வெப்பத்துக்கு ஏற்றது. காற்றோட்டம் இருப்பதால் நீர் குளிரும்.

27 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மி.கிராம் ஆக்ஸிஜனைக் கொள்ளும். கடல்நீர் சுமார் 6.5 மி.கிராம் மட்டுமே கொள்ளும். வெப்பம் ஏற ஏற இது இன்னும் குறையும். எனவே மின்சாரம் நின்றால் கடல்மீன்கள் விரைவில் மூச்சுத் திணறும். மின்கலத்தில் ஓடும் காற்றுக் கருவி ஒன்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லையெனில் தொட்டி வைக்க வேண்டாம்.

பண்ணை மருந்துகளால் வரும் ஆபத்து

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் மிகச் சிறிய அளவிலும் மீனையும் இறாலையும் கொல்லும். மருந்து கலக்கிய வாளி, குவளை, தெளிப்பான் குழாய் எதையும் எத்தனை முறை கழுவினாலும் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. போர்டோக் கலவை தயாரித்த கலங்களும் அப்படியே. மருந்தடித்துவிட்டு வந்த நாளில் தொட்டிக்குள் கை விட வேண்டாம். தொட்டி உள்ள அறையில் கொசு மருந்து தெளிப்பதும் தவறு. காற்றுக் கருவி அறைக் காற்றை இழுத்து நீருக்குள் செலுத்துகிறது.

கழிவு உப்புநீரை என்ன செய்வது?

உழவர் வீட்டில் இதுவே தலையாய கேள்வி. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 லிட்டர் நீரை மாற்ற வேண்டும். அதில் 525 கிராம் உப்பு உள்ளது. ஓர் ஆண்டில் 52 வாரங்களுக்கு இது 27 கிலோ ஆகிறது. மீன் தொட்டி நீர் உரச்சத்துள்ளது என்று கருதி இதைத் தென்னை மரத்தடியிலோ காய்கறிப் பாத்தியிலோ ஊற்றினால், ஆண்டுக்கு 27 கிலோ உப்பை அந்த ஓரிடத்தில் கொட்டியதற்குச் சமம்.

பாசன நீரின் மின்கடத்தும் திறன் 3 டெசிசைமன் அளவைத் தாண்டினாலே பல பயிர்களுக்குத் தீங்கு. கடல்நீரின் அளவு சுமார் 50. சோடியம் மிகுந்தால் களிமண்ணின் கட்டமைப்பு குலைந்து நீர் இறங்காமல் இறுகிவிடும். அதைச் சீராக்க ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி வடிக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைக் களர் நிலம் வைத்திருப்போர் அறிவர்.

ஆகவே வயல், வாய்க்கால், குளம், கிணற்றோரம் எங்கும் இந்நீரை விடக் கூடாது. பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் அதில் விடலாம். இல்லாத ஊரில், தடித்த பாலித்தீன் தாள் விரித்த ஆழமற்ற தொட்டியில் ஊற்றி, உப்பளத்தில் போல வெயிலில் காயவிடலாம். மழைக்காலத்தில் மூடிய பீப்பாயில் சேர்த்து வைக்கவும். காய்ந்து கிடைக்கும் உப்பில் கழிவு கலந்திருப்பதால் சமையலுக்கோ கால்நடைகளுக்கோ ஆகாது. இதற்கு இடமும் பொறுமையும் இல்லாத வீட்டில் கடல்நீர்த் தொட்டி பொருந்தாது.

சட்டமும் கடமையும்

உயிருள்ள பவளத்தையும் இறந்த பவளக் கல்லையும் கடலிலிருந்து எடுப்பது குற்றமாகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் இரண்டு தீவுகள் பின்னர் நீருள் அமிழ்ந்துவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. பீங்கான் அல்லது சிமெண்டால் செய்த செயற்கைப் பாறையே நமக்கு ஏற்றது. சிமெண்ட் பாறையைப் பல வாரங்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, காரம் நீங்கிய பிறகே தொட்டியில் வைக்க வேண்டும்.

வளர்க்க முடியாமற் போனால் மீனைக் கடலிலோ கழிமுகத்திலோ விடக் கூடாது. வேற்றுக் கடலில் பிறந்த மீன் நம் கடலுக்குக் களையாகலாம். நமது பக்கத்துக் கடல்களுக்குரிய சிங்கமீன், 1985இல் புளோரிடா கரையோரம் முதலில் காணப்பட்டு, இன்று அட்லாண்டிக் கடலின் மேற்குப் பகுதியெங்கும் பரவி அங்குள்ள மீன்வளத்தை அழித்து வருகிறது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே அதற்கு மூலம் எனக் கருதப்படுகிறது. அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடியதை நாம் மறக்கலாகாது. மீனை வாங்கிய கடைக்கோ, வேறு வளர்ப்போருக்கோ கொடுத்துவிடலாம்.

இன்னொன்றும் கருத வேண்டும். கோமாளி மீன் போன்ற சில இனங்களை மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துள்ளது. வளைமீன்களோ பெரும்பாலும் கடலிலேயே பிடிக்கப்படுகின்றன. தொட்டியில் ஒரு மீன் இறந்து மறு மீன் வாங்கும்போது, கடலில் ஒரு வளை காலியாகிறது.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. பாறை முதலில், மணல் பிறகு.

2. மீனுக்கேற்ற பருமனும் ஆழமும் உள்ள மணல்.

3. அம்மோனியா, நைட்ரைட் அற்ற பிறகே மீன்.

4. இடைவெளியில்லாத வலை மூடி. மின்தடைக்கு மாற்று ஏற்பாடு.

5. ஆவியான அளவுக்கு நன்னீர் மட்டுமே.

6. தாமிரமும் பூச்சிமருந்தும் அருகே வரக் கூடாது.

7. உப்புநீர் மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகக் கூடாது.

வீட்டில் இந்த ஆர்வம் உள்ளவர் யாராவது இருந்தால், தொட்டியையும் மணலையும் முதலில் வாங்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் நீரைச் சோதித்து, வாரம் தவறாமல் கழிவு நீரை முறைப்படி அகற்றிக் காட்டட்டும். அதன் பிறகு மீன் வாங்கலாம். நிலத்தைப் பண்படுத்தாமல் விதைக்காதவர் உழவர். மணலைப் பண்படுத்தாமல் மீன் விடுவதையும் அவர் வீட்டில் அனுமதிக்கலாகாது.